சாத்தியே வருகிற கதவு

பரணை ஒழிக்கும் வேலை ஆறு சனிக்கிழமைகளாகத் தள்ளிப்போய்க்கொண்டிருந்தது. தள்ளியவர் ஒரு சர்வர் நிர்வாகி. அலுவலகத்தில் நாற்பது இயந்திரங்கள் அவர் விரலசைவுக்குக் கட்டுப்பட்டவை. வீட்டில் அதே விரல்களுக்காக ஒட்டடைக்கோல் காத்திருந்தது. ஆகவே, உடம்பில் உயிர் உள்ளவரை பரணில் ஏறுவதில்லை என்று அவர் தீர்மானித்திருந்தார். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய ஆளிடம் சொல்லும் தைரியம் இல்லை.

வாய்ப்பாக, அலுவலகத்தில் ஒரு புது சர்வர் வந்திறங்கியது.

"லீவு நாள்ல எல்லாம் இங்கேருந்தே லேப்டாப்புல பாப்பீங்களே. இதுக்கு மட்டும் ஏன் ஓடணும்?" என்று கேட்டாள் மனைவி.

"அதெல்லாம் பழைய சர்வர். புதுசுல, வெளியிலேருந்து நுழையற வசதியை அணைச்சுதான் அனுப்புவாங்க. நேர்ல போய் முன்னாடி உக்காந்தாதான் வேலை."

"ஏங்க அணைக்கணும்?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் அவர் பிறவியே எடுத்திருந்தார். இணையத்தில் சேர்த்த சில நிமிஷத்திலேயே ஊர்பேர் தெரியாதவர்களின் நிரல்கள் வந்து கதவு கதவாகத் தட்டிப் பார்க்கும் என்றார். அப்போது புது சர்வரில் கடவுச்சொல் மாற்றியிருக்காது, ஓட்டைகள் அடைத்திருக்காது. தேவையான கதவு மூடியிருந்தால் தேவைப்பட்டவன் வந்து கேட்பான்; தேவையில்லாத கதவு திறந்து கிடந்தால் திருடனைத் தவிர யாருக்கும் தெரியாது. இதைச் சொல்லிவிட்டு, கைதட்டலுக்கு இடம் விடுகிறவர் போல நிறுத்தினார்.

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "அப்போ, வேணும்னு கேட்டா திறப்பாங்க."

"சும்மா திறப்பாங்களா? யாருக்கு, எதுக்கு, எங்கேருந்து, எல்லாம் எழுதிக் கொடுக்கணும். எங்க மேடம் ஒத்துக்கணும்."

கோட்டையைக் கட்டியவரே வரைபடத்தையும் எதிரி கையில் கொடுத்துவிட்டார். அது அவருக்கு உறைக்கவில்லை.

புது சர்வரின் வேலை உண்மையில் முதல் சனிக்கிழமையே முடிந்துவிட்டது. அதன் பிறகு அந்தக் குளிர் அறையில் அவருக்கு இரண்டு நாற்காலிகள், உடம்புக்கு ஒன்று, காலுக்கு ஒன்று. மடியில் துப்பறியும் நாவல். ஆறாவது சனிக்கிழமை அவள் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. குளிருமே என்று ஸ்வெட்டரையும் எடுத்துக் கொடுத்தாள். அவர் ஸ்வெட்டரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். ஆனாலும் கிளம்பிவிட்டார்.

சர்வர் அறையில் மேலாளர் அம்மாள் நின்றுகொண்டிருந்தார். நாவல் ஸ்வெட்டருக்குள் மறைந்தது.

"உங்க வீட்டுக்காரம்மா போன் பண்ணாங்க" என்றார் அவர். "வாராவாரம் இந்தக் குளிர்ல கிடக்கறீங்கன்னு ரொம்ப வருத்தப்பட்டாங்க. வெளியிலேருந்து நுழையற வசதியைத் திறந்துவிடச் சொன்னாங்க."

புது சர்வரில் அதைத் திறப்பது எவ்வளவு ஆபத்து என்று இவர் ஆரம்பித்தார்.

"நானும் அதான் சொன்னேன். யாருக்கு, எதுக்கு, எங்கேருந்துன்னு அவங்களே எழுதி அனுப்பிட்டாங்க. உங்களுக்கு மட்டும், ஒரே ஒரு இடத்திலேருந்து மட்டும் திறந்திருக்கேன்."

"எந்த இடம், மேடம்?"

"உங்க வீடுதான். மூணு மணிக்குள்ள அங்கேருந்து நுழைஞ்சு காட்டுங்க, சரியா இருக்கான்னு பாக்கணும். அப்புறம், சனிக்கிழமைல இந்த ரூமுக்கு உங்க கார்டு வேலை செய்யாது. தேவையில்லாத கதவு எதுக்குத் திறந்து கிடக்கணும்னு அவங்க கேட்டாங்க. நியாயமாத்தானே இருக்கு."

நண்பன் வீடு, நூலகம், ரயில் நிலையம் என்று வழியெல்லாம் யோசித்தார். எதுவும் பயன்படாது, அப்படிப் பயன்படாமல் செய்வது எப்படி என்று அந்த அலுவலகத்துக்கே கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

வீட்டுக்கு வந்தபோது மணி இரண்டரை. மேஜையில் லேப்டாப்பைக் காணோம். பரணில் ஏணி சாத்தியிருந்தது.

"மேலதாங்க வெச்சிருக்கேன், மூலையில, பழைய பெட்டிக்கெல்லாம் பின்னாடி" என்று ஒட்டடைக்கோலை நீட்டினாள் மனைவி. "நேர்ல போய் முன்னாடி உக்காந்தாதான் வேலை."