பெட்டிக்குள் இறங்கிய ஒழுங்கு

அந்நியப் படை ஊருக்குள் நின்ற காலத்தில் தீரச் செயல் புரிந்தவர்களுக்கு ‘மக்கள் சிப்பாய்’ பதக்கம் வழங்குவதென்று எங்கள் ஊர்ச் சங்கத்தின் கனடாக் கிளை ஏகமனதாகத் தீர்மானித்தது. துவக்குத் தூக்கியவர்கள் இங்கே எவரும் இல்லை. அப்படித்தான் எல்லோரும் கனடா வந்த அன்றே அகதி விண்ணப்பத்தில் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறோம். ஆகவே மிச்சப் பேருக்குள் வீரரைத் தேட வேண்டியதாயிற்று.

என்னையும் தெரிவு செய்தார்கள். என் தீரச் செயல் இதுதான்: ஆமி சுற்றிவளைத்த காலையில், என் வீட்டில் நெல் போட்டு வைக்கும் மரப்பெட்டிக்குள் ஒளிக்க ஓடினேன். உள்ளே பக்கத்து வீட்டு நவரட்ணம் ஏற்கெனவே இருந்தார். அவருடைய முழங்கால் என் வயிற்றில் குத்தியது. அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

இப்போது அவர் சங்கத் தலைவர். செயலாளர் ராகுலன் அஜக்ஸ் நகரிலிருந்து வந்து, மேடையில் வாசிக்கப்போகும் என் வாழ்க்கைக் குறிப்பை வாசித்துக் காட்டினான்.

“‘தளபதி நவரட்ணம் தலைமையில், ஒடுங்கிய அரணொன்றில் நிலைகொண்டு, மூச்சடக்கி எதிரியை வென்றார் சிப்பாய் தில்லையம்பலம்.’”

“அரண் எண்டா என்ன தம்பி?”

“உங்கட பெட்டி அங்கிள்.”

“அவர் எப்பிடித் தளபதி?”

“முதல் இறங்கினவர் அவரெல்லோ. சீனியோறிட்டி.”

“பெட்டி என்ர! வீடும் என்ர!”

“அப்ப ஏன் பிந்தினனீங்கள்?”

பயத்தில் கால் இழுத்து முற்றத்தில் விழுந்துவிட்டேன் என்று சொல்ல முடியுமா? பெட்டியை மூடியவள் என் மனைவி கமலாம்பிகை. நான்தான் முதலில் இறங்கினேன் என்று அவள் மேடையில் சொன்னால் நான் தளபதி. தேத்தண்ணி போட்டுக் கொடுத்து மன்றாடினேன். “உள்ளதைச் சொல்லுறன்” என்றாள். என் அறிவுக்கு அது சம்மதம் போலப் பட்டது.

விழாவன்று வோபர்னில் ஹோல் நிறைந்த சனம். எல்லார் நெஞ்சிலும் பதக்கம். அவள் மைக்கைப் பிடித்தாள்.

“முதல் நவரட்ணம் அண்ணை, பிறகு இவர். ஆமிக்காரன் ஒருத்தன் வந்து மூடியைத் திறந்தவன். ரெண்டு பேரும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கிடந்தவை. அவன் பாத்தான். திருப்பி மூடிப்போட்டு, வாசல்ல நிண்ட பெரியவனுக்கு ஒண்டுமில்லை எண்டு கையை விரிச்சான். பெரியவன் வந்து பாத்திருந்தா அவன்ர பாடு என்ன? பதக்கம் அவனுக்கெல்லோ குடுக்கவேணும்?”

நானும் நவரட்ணமும் ஒருவரையொருவர் பார்த்தோம். முப்பது வருடத்துக்கு மேலாக, மூச்சடக்கிய திறமையால் தப்பினோம் என்று நம்பியிருந்தவர்கள் நாங்கள். ஹோலில் பலர் குனிந்து தங்கள் பதக்கத்தைப் பார்த்தார்கள். அவரவர் தங்கள் தங்கள் பெட்டியை நினைத்திருப்பார்கள்.

மேடையிலேயே நிர்வாகசபை அவசரமாகக் கூடியது. நவரட்ணம் எழுந்து தொண்டையைச் செருமினார்.

“மேற்படி ஆமிக்காரர் எங்கட ஊரவர் இல்லை. சங்க அங்கத்தவரும் இல்லை. ஆகவே அவருடைய வீரம் யாப்பு விதிகளின்படி செல்லுபடியாகாது.”

ஹோல் முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது. நவரட்ணத்துக்கு முந்தித் தட்டத் தொடங்கியவன் நான்.