பூட்டுக்காரர் வீட்டு ஏரி

விண்வெளித் துறையில் ஒரு வேலை என்பது அந்த ஊரில் அப்போது வீட்டுக்கு ஒருவருக்காவது அவசியம் என்று ஆகியிருந்தது. முன்பு தட்டெழுத்து சொல்லிக் கொடுத்த மாடி அறையில் 'மூன்றே மாதத்தில் விண்வெளி' என்று புதுப் பலகை தொங்கியது. ஆசிரியர் பழையவர்தான். செயற்கைக்கோள் எடுத்த படத்தைப் பார்த்து, கீழே இருப்பது வயலா, வீடா, ஏரியா என்று சொல்வதற்குத் தொலையுணர்வு என்று பெயர். இதை அவர் முதல் மாதத்திலேயே சொல்லிக் கொடுத்துவிட்டார். மீதி இரண்டு மாதம் சான்றிதழ் அச்சாகி வருவதற்கு.

கலரக்கா அந்த மாடிப்படி ஏறியபோது அவளுக்கு வயது முப்பத்தொன்பது. பதினாறு வருஷம் பெயின்ட் கடையில் நிறம் கலந்தவள். சுவரிலிருந்து பெயர்ந்த ஒரு சில்லைக் கொண்டுவந்து நீட்டினால் போதும், அதே நிறத்தை டப்பாவில் கலக்கிக் கையில் கொடுத்துவிடுவாள். பிறகு நிறம் கலக்க மெஷின் வந்தது. "நிறம் பாக்கிறதுதானே உனக்குத் தெரியும், அதை மேலேருந்து பாரேன்" என்று கணவர் யோசனை சொன்னார். தொலையுணர்வு இயக்ககத்தின் நீர்நிலைப் பிரிவில் வேலை கிடைத்தது. ஒரு வருஷம் பெயர் கெடாமல் இருந்தால் நிரந்தரம்.

மாமியாருக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரி, "மருமகளைக் காணோமே?" என்று கேட்டால் போதும்.

"அவ விண்வெளியில இருக்கா."

"எப்ப இறங்குவா?"

"அஞ்சே முக்காலுக்கு. மழை பெஞ்சா ஆறு ஆகும்."

வேலை கஷ்டமில்லை. பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை காலை பத்தேகாலுக்குச் செயற்கைக்கோள் ஊருக்கு மேலே போகும். அது எடுத்த படத்தைக் கணினி சதுரம் சதுரமாக வெட்டித் திரையில் வைக்கும். மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஓர் அட்டை இருந்தது. நீலம் என்றால் நீர்நிலை. பச்சை என்றால் புல்தரை. பழுப்பு என்றால் வறண்ட காலி நிலம். சாம்பல் என்றால் கட்டடம். அட்டையைப் பார்த்து, படத்தைப் பார்த்து, பொத்தானை அழுத்த வேண்டியது.

இரண்டாவது வாரம், வீடுகளுக்கு நடுவே ஒரு நீலச் சதுரம் வந்தது. கலரக்கா அழுத்தப் போன விரலை எடுத்துக்கொண்டு அதிகாரியின் அறைக்குப் போனாள்.

"சார், இது தண்ணி இல்ல. தார்ப்பாய்."

"எப்படிச் சொல்றீங்க?"

"தண்ணி இந்த நீலத்துல இருக்காது சார். எங்க கடையில நீலத்துல மட்டும் முப்பத்தேழு வகை வச்சிருந்தோம். இது லாரி மேல கட்டுற தார்ப்பாய் நீலம்."

அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க கடையில முப்பத்தேழு இருந்திருக்கலாம். துறையில ஒண்ணுதான்."

"பஸ்ஸுல இருபது நிமிஷம் சார். நான் வேணா ஒரு நடை போய்ப் பாத்துட்டு வந்துடறேன்."

அறையில் இருந்த எழுத்தர் தலை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். அதிகாரியின் முகத்தில் கோபமில்லை, துக்கம் இருந்தது.

"நம்ம துறைக்கு என்ன பேரு மேடம்?"

"தொலையுணர்வு சார்."

"கிட்டப் போய்ப் பாக்கிறதுக்கு ஒரு துறை எதுக்கு? செயற்கைக்கோள் எதுக்கு? நாளைக்கு மேலிடத்துல கேட்டா, எங்க ஊழியருக்குச் செயற்கைக்கோள் மேல நம்பிக்கை இல்ல, பஸ் மேலதான் நம்பிக்கைன்னு எழுதட்டுமா?"

கலரக்கா போய்ப் பொத்தானை அழுத்தினாள். இவ்வாறாக நீர்நிலை எண் நூற்றுப் பதினான்கு அரசுப் பதிவேட்டில் தோன்றியது.

நான்கு வருஷமாகப் புதிய நீர்நிலை எதையும் கண்டுபிடிக்கவில்லை என்று மேலிடம் அந்தப் பிரிவிடம் வருஷா வருஷம் விளக்கம் கேட்டுக்கொண்டிருந்தது. ஆகவே ஏரி நல்ல சமயத்தில் வந்தது. பத்திரிகையில் படம் போட்டார்கள். அதிகாரி குச்சியால் திரையைச் சுட்டிக்காட்ட, பின்னால் கலரக்காவின் பாதி முகம். மாமியார் அந்தப் பக்கத்தை வெட்டி, கனத்த பிளாஸ்டிக் உறை போட்டுக் கூடத்தில் மாட்டினார்.

ஒரு மாதம் கழித்து அந்த ஏரி நேரிலேயே வந்தது.

வந்தவர் ஐம்பது வயதுப் பூட்டுக்காரர். பூட்டு திறந்து கொடுப்பது, சாவி வெட்டிக் கொடுப்பது தொழில். வீட்டுக் கூரை ஒழுகியதால், வீட்டையும் அதன் முன்பக்கத்துக் கடையையும் சேர்த்துப் பெரிய நீலத் தார்ப்பாய் போட்டிருந்தார். சாவி வெட்டும் மெஷினுக்குத் தனியாக மின் இணைப்பு கேட்டு எழுதியதற்கு, ஏரிக்குள் இணைப்பு கொடுத்தால் உயிர்ச்சேதம் ஏற்படும் என்று பதில் வந்திருந்தது.

"நீங்க எங்கேருந்து வரீங்க?" என்றார் அதிகாரி.

"வீட்டுலேருந்து சார்."

"வீடு எங்க இருக்கு?"

"நீங்க ஏரின்னு சொல்ற இடத்துல."

"எப்படி வந்தீங்க?"

"நடந்துதான்."

அதிகாரி அவருடைய கால்களை எட்டிப் பார்த்தார். செருப்பு காய்ந்திருந்தது. பார்த்ததைக் குறித்துக்கொள்ளும்படியான கட்டம் எந்தப் படிவத்திலும் இல்லாததால் அவர் அதை விட்டுவிட்டார்.

"சார், முப்பது வருஷமா அங்க குடியிருக்கேன். கல்யாணமே அந்த வீட்டுலதான் நடந்துது. ஏரியில எவனாவது கல்யாணம் பண்ணுவானா?"

"நீங்க சொல்றதை நான் மறுக்கவே இல்ல. ஆனா நீங்க பாத்தது தரையில நின்னு. செயற்கைக்கோள் பாத்தது எழுநூறு கிலோமீட்டர் உயரத்துலேருந்து. உயர்ந்த இடத்துல இருக்கிறவங்க சொல்றதைத்தான் அரசாங்கம் எடுத்துக்கும்."

ஏரியைப் பதிவேட்டிலிருந்து நீக்கவும் வழி இருந்தது. அதற்கான படிவத்தில் ஏரி வறண்ட தேதி, வறண்ட காரணம், வறண்டதற்குப் பொறுப்பான அதிகாரியின் பெயர் என்று மூன்று கட்டங்கள். மூன்றாவது கட்டத்தை நிரப்ப அந்த இயக்ககத்தில் ஒருவர்கூட முன்வரவில்லை.

கலரக்காவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, துறைக்குத் தெரியாமல், பஸ் ஏறிப் போனாள். முக்காடு போடாத குறை. தார்ப்பாயை ஒரு பார்வை பார்த்ததுமே, கடையின் பழைய பட்டியலில் அது எத்தனையாவது நீலம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

பூட்டுக்காரரின் மனைவி பத்திரிகையில் பார்த்த பாதி முகத்தை அடையாளம் கண்டு, வாசலில் நின்றபடி, "ஆழம் பாக்க வந்தீங்களாம்மா?" என்றாள்.

"தப்பு என்னுதுதாங்க. நான்தான் அழுத்தினேன்." கலரக்கா திண்டாடினாள். "வர்ற வியாழக்கிழமை பத்தேகாலுக்குச் செயற்கைக்கோள் வருது. அன்னிக்குத் தார்ப்பாயை எடுத்துடுங்க. படத்துல நீலம் இருக்காது. மீதியை நான் பாத்துக்கறேன்."

வியாழக்கிழமை தார்ப்பாயை எடுத்தார்கள். சொல்லிவைத்த மாதிரி பத்து மணிக்கு மேகம் கூடியது. பத்தேகாலுக்குச் செயற்கைக்கோள் மேகத்தைப் படமெடுத்துக்கொண்டு போனது. பத்தரைக்கு மழை வீட்டுக்குள் பெய்தது. பாயும் தலையணையும் காய ஒரு வாரம் ஆயிற்று.

பன்னிரண்டு நாள் கழித்து மறுபடி எடுத்தார்கள். வானம் துடைத்து வைத்தது போல இருந்தது. படம் பளிச்சென்று விழுந்தது. நீலம் போய் அந்த இடத்தில் சாம்பல் சதுரம். கலரக்கா சந்தோஷமாகக் 'கட்டடம்' என்று அழுத்தினாள். கணினி ஒரு கணம் யோசித்தது. பதிவேட்டில் அங்கே ஏற்கனவே ஏரி இருந்தது. ஏரி இருக்கும் இடத்தில் கட்டடம் வந்தால் அதற்கு ஒரே பெயர்தான்.

மூன்றாம் நாள், நீர்நிலை எண் நூற்றுப் பதினான்கை ஆக்கிரமித்து வீடு கட்டியதற்காகப் பூட்டுக்காரருக்கு நோட்டீஸ் வந்தது. பதினைந்து நாளில் காலி செய்யாவிட்டால் இடிப்பு.

அவர் அலுவலகத்துக்குப் போன் செய்தார். குரலில் கோபம்கூட இல்லை. "ஏம்மா, முன்னாடி வீடு மட்டும்தான் இல்லாம இருந்துது. இப்ப நானே திருடன் ஆயிட்டேனே?"

கலரக்கா வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, "தார்ப்பாயை மறுபடி போட்டுடுங்க. உடனே" என்றாள்.

போட்டார். அடுத்த படத்தில் நீலம் திரும்பியது. ஆக்கிரமிப்பைத் தாமாக முன்வந்து அகற்றி, நீர்நிலையைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தமைக்காக அன்னாரின் பொது உணர்வைப் பாராட்டி முத்திரை போட்ட கடிதம் ஒன்று அவர் வீட்டு விலாசத்துக்கே வந்தது. தபால்காரர் கதவைத் தட்டிக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

இந்தச் சமயத்தில்தான் அந்தத் தெரு வழியாகப் புறவழிச்சாலை வருகிறது என்ற சேதி வந்தது. தெருவில் நாற்பத்து மூன்று வீடுகள். சுவரில் சிவப்புக் குறி போட வந்த பொறியாளர், கையில் இருந்த வரைபடத்தைப் பார்த்தார், பூட்டுக்காரர் வீட்டைப் பார்த்தார்.

"இங்க ஏரி இருக்கே. ஏரியில ரோடு போட அனுமதி கிடையாது" என்று அந்த வீட்டைச் சுற்றிக் கோட்டை வளைத்துக்கொண்டு போனார்.

மறுநாள் ஊரிலிருந்த அத்தனை தார்ப்பாய்க் கடையிலும் நீலம் தீர்ந்துபோனது. பக்கத்து ஊர்களிலிருந்து வரவழைத்தார்கள். பச்சைத் தார்ப்பாய் போட்ட ஒருவரைத் தெருவே சேர்ந்து திட்டியது. அடுத்த படத்தில் ஏரி தெருமுழுக்கப் பரந்து கிடந்தது. அதிகாரிக்குப் பதவி உயர்வு வந்தது. "ஏரி வளருது மேடம்," என்றார் கலரக்காவிடம். "நம்ம கண்காணிப்பு அப்படி."

சாலை கிழக்கே தள்ளிப் போயிற்று. அங்கே ஒரு பெரிய புல்தரை இருந்தது. அதற்கும் கலரக்காதான் பொத்தானை அழுத்தியிருந்தாள், சந்தேகமே இல்லாமல். அசல் இலைப் பச்சை, எந்தத் தார்ப்பாயிலும் அந்தப் பச்சை வராது. அது ஊரின் நிஜ ஏரி என்பதும், ஆகாயத்தாமரை மண்டி மூடிக் கிடந்தது என்பதும் மேலிருந்து தெரியவில்லை. சாலைக்காரர்கள் இரண்டு மாதம் லாரி லாரியாக மண்ணைக் கொட்டினார்கள். ஒரு புல்தரை இவ்வளவு மண்ணை விழுங்குமா என்று ஆச்சரியப்பட்டார்களே தவிர, எழுதிக் கேட்கவில்லை. புல்தரை என்று சொன்னது விண்வெளி.

ஐப்பசியில் மழை ஐந்து நாள் விடாமல் பிடித்தது. தண்ணீர் வழக்கமான ஏரியைத் தேடிப் போனது. ஏரி இருந்த இடத்தில் சாலை இருந்தது. திரும்பி, பள்ளமான இடம் பார்த்து, பூட்டுக்காரர் தெருவுக்கு வந்து சேர்ந்தது. காற்று நாற்பத்து மூன்று தார்ப்பாய்களையும் பிய்த்துக்கொண்டு போயிற்று. ஆறாம் நாள் வானம் வெளுத்தது. பத்தேகாலுக்குச் செயற்கைக்கோள் வந்தது.

கலரக்கா திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். சாம்பல் வீடுகள், அவற்றைச் சுற்றிச் சேற்று வெள்ளம். நல்ல கெட்டிப் பழுப்பு. அட்டைப்படி அது வறண்ட காலி நிலம். வாழ்க்கையில் முதல்முறையாக அந்த இடத்தில் நிஜத் தண்ணீர் நின்றது. அவளால் செய்ய முடிந்தது ஒரு பொத்தானை அழுத்துவதுதான். வெளியே போய்ப் பூட்டுக்காரருக்குப் போன் போட்டாள். தெரு முழுக்க ஒரே மொட்டை மாடியில் இருந்தது.

"நீர்நிலைன்னு போடலாம். உண்மையும் அதுதான். ஆனா தார்ப்பாய் போயிடுச்சு, வீடெல்லாம் தெரியுது. நாப்பத்து மூணு வீட்டுக்கும் ஆக்கிரமிப்பு நோட்டீஸ் வரும். காலி நிலம்னு போட்டா ஏரியே வறண்டதா ஆயிடும், நோட்டீஸ் வராது. ஆனா படகு அனுப்புறவங்க எங்க படத்தைத்தான் பாப்பாங்க. காய்ஞ்ச நிலத்துக்குப் படகு வராது. என்ன போடட்டும்?"

பூட்டுக்காரர் போனைக் கையால் பொத்திக்கொண்டு கத்துவது கேட்டது: "படகு வேணுமா, வீடு வேணுமா?"

கொஞ்ச நேரம் ஒரே சலசலப்பு. நீச்சல் தெரியாத ஒருவர் மட்டும் படகு என்றார். அவரை உட்கார வைத்தார்கள்.

"எல்லாரும் ஏகமனதாச் சொல்றோம்மா," என்றார் பூட்டுக்காரர். "வெள்ளம் வரல."

அவள் பழுப்பை அழுத்தினாள். அதிகாரி மறுப்பார் என்று பயந்தாள். அவர் ஏரியை நீக்கும் படிவத்தின் மூன்றாவது கட்டத்தில் சாலைத்துறையின் பெயரை ஆசையாக எழுதிக் கையெழுத்திட்டார். பழி போட இன்னொரு துறை கிடைப்பது லேசில்லை. வறட்சியைத் துல்லியமாகக் கண்டறிந்ததற்காகக் கலரக்காவின் வேலை நிரந்தரமானது.

ஞாயிற்றுக்கிழமை அவள் ரொட்டியும் மெழுகுவத்தியும் வாங்கிக்கொண்டு போனாள். தெருவில் இடுப்பளவு தண்ணீர். புடவையைச் செருகிக்கொண்டு இறங்கி, கடை வாசலில் நின்றிருந்த பூட்டுக்காரரிடம் போனபோது, எதிரே இரண்டு பேர் ஏணியையும் கம்பிச் சுருளையும் தலையில் தூக்கிக்கொண்டு இடுப்பால் தண்ணீரைத் தள்ளி வந்தார்கள். மின்வாரிய ஆட்கள்.

"உங்க மனு பாஸாயிடுச்சுங்க," என்றார் முன்னால் வந்தவர், மூச்சு வாங்க. "ஏரி வறண்டுடுச்சுன்னு ரெக்கார்டு வந்திருக்கு. தரை காய்ஞ்சிருக்குன்னு ஒரு கையெழுத்து போடணும். சாட்சிக்கு ஒருத்தர் வேணும்."

"இவங்க போடுவாங்க," என்றார் பூட்டுக்காரர். "விண்வெளியில இருக்காங்க."

எழுத உலர்ந்த இடம் எங்கும் இல்லை. பின்னால் வந்தவர் தண்ணீரில் குனிந்து முதுகைக் கொடுத்தார். பூட்டுக்காரர் போட்டார். கலரக்கா அதற்குக் கீழே போட்டாள். முன்னால் வந்தவர் காகிதத்தை மடிக்கப் போனார்.

"பாத்துக் கொண்டுபோங்க தம்பி," என்றார் பூட்டுக்காரர். "நனைஞ்சா ஆபீஸ்ல சந்தேகப்படுவாங்க."