நெட் நுழையாத அறை

"மறுபடியுமா?" என்றார் தேர்வு அதிகாரி.

"மறுபடியும்தான் சார். பிரிண்டருக்கு ஒரு சாஃப்ட்வேர் போட்டா, அது இன்னும் மூணு கேக்குது."

கல்லூரியின் கணினி மெக்கானிக் பென்டிரைவோடு மூன்று மாடி இறங்கினான். நூலகத்தில்தான் இணையம். நெட் இருந்தால் ஒரே வரி தட்டினால் போதும், கணினியை இயக்கும் லினக்ஸ் தனக்கு வேண்டியதைத் தானே வரவழைத்துக்கொள்ளும். ஆனால் வினாத்தாள் கணினிக்கு நெட் கூடாது, கேள்விகள் கசிந்துவிடுமாம். நாளைக் காலை தேர்வு. இன்று வினாத்தாள் அச்சாகாவிட்டால் அவனுடைய வேலையும் இன்றோடு சரி என்று அதிகாரி சொல்லிவிட்டார்.

மூன்றைக் கொண்டுவந்தான். மூன்றும் சேர்ந்து பதினொன்று கேட்டன. பதினொன்றைக் கொண்டுவந்தான். அவை நாற்பது கேட்டன.

ஒவ்வொரு முறையும் அதிகாரி அவன் சட்டைப் பையைத் தடவிப் பார்த்து, செல்போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டுதான் உள்ளே விட்டார்.

"நெட்டுங்கிற பேச்சே இந்த வாசப்படியைத் தாண்டக்கூடாது. பத்து வருஷமா கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டுப் பாத்துக்கறேன்."

ஆறாவது நடையில் மெக்கானிக் தலையைச் சொறிந்தான்.

"சார், ஒண்ணு புரியல. நான் கொண்டுவந்தது பழசாம். போன வாரம் வெளிவந்த புதுசு இதுல ஏற்கெனவே இருக்கு. நெட் இல்லாம எப்படி வந்துச்சு?"

அதிகாரி தொண்டையைச் செருமினார். "ஆராய்ச்சியெல்லாம் வேணாம். அதைத் தூக்கிட்டுப் பழசைப் போடு."

"தூக்கினா வேற ஏதாவது படுத்துக்கும் சார்."

"நான் சொல்றேன்ல?"

தூக்கினான். படங்கள், பட்டன்கள் எல்லாம் மறைந்தன. கறுப்புத் திரையில் ஒரு சின்னக் கோடு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது.

"போச்சா?"

"போச்சு சார்."

"முதல்வர்கிட்ட உன் பேரைத்தான் சொல்லப்போறேன்!" அதிகாரி விறுவிறுவென்று வெளியேறினார்.

மெக்கானிக்குக் கண் கலங்கிவிட்டது. முழங்காலும் விண்விண் என்று வலித்தது. அதே இடத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

மூலையில் துடைத்துக்கொண்டிருந்த துப்புரவு அக்கா வாளியை நகர்த்தி வைத்தார்.

"எதுக்குத் தம்பி மாடி ஏறி இறங்கிச் சாகறே? அந்த பீரோவுக்குப் பின்னாடி ஒரு நீல ஒயர் இருக்கும் பாரு. தினமும் சாப்பிட்டு வந்ததும் அதை இந்தக் கம்ப்யூட்டர்ல சொருகித்தானே ஐயா சீரியல் பாக்கறாரு!"