முத்திரை குத்தின வண்டி

கரன்ட் மீட்டர் கணக்கெடுக்கப் போகிறவருக்குக் கொஞ்ச நாளாகத் தனக்குள்ளேயே மீட்டர் தாறுமாறாக ஓடியது. காரணம், பக்கத்து வீட்டுப் பல் டாக்டர்.

இரண்டு பேரிடமும் பழைய ராணுவ மோட்டார் சைக்கிள் இருந்தது. ஆனால் டாக்டருடைய வண்டியின் எஞ்சினில் ஒரு முத்திரை இருந்தது. வண்டியைச் சோதித்த படை அதிகாரி, 'சரி, எடுத்துக்கிட்டோம்' என்று சுத்தியலால் அடித்த குறி. கட்டைவிரல் நகத்தில் பாதிகூட இருக்காது. அது இருந்தால் வண்டி அசல். இல்லாவிட்டால் பழைய இரும்பு.

மீட்டர்காரர் தன் எஞ்சினை மூன்று மாதம் தேய்த்துப் பார்த்தார். தோல் உரிந்தது, முத்திரை தெரியவில்லை. உரிந்தது அவருடைய தோல்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். அவர் மனைவி தினமும் சாயங்காலம் லென்ஸும் டார்ச்சுமாக டாக்டர் வீட்டு ஷெட்டுக்குப் போவதைத்தான் பொறுக்க முடியவில்லை. அவள் தையல்காரி. கறுப்புத் துணியில் கறுப்பு நூல் பிரிந்திருந்தாலும் கண்டுபிடிக்கிற கண். அந்தக் கண் இப்போது அடுத்தவன் எஞ்சினில்!

வியாழக்கிழமை பொங்கிவிட்டார்.

"அங்க அப்படி என்னதான் இருக்கு?"

"முத்திரை. டாக்டர் எவ்வளவு பொறுமையா சொல்லிக் குடுக்கறார் தெரியுமா?"

"பல்லைக் காட்டிக்கிட்டுத்தானே?"

"அவர் தொழில் அது. மத்தவங்க பல்லைத்தான் பார்க்கறார்."

"இனிமே நீ அந்த ஷெட்டுக்குப் போகக் கூடாது!"

மனைவி மெஷினை நிறுத்தினாள்.

"சரி, போகலை. பதிலுக்கு உங்க வண்டியை என் பேருக்கு மாத்திக் குடுங்க."

மீட்டர்காரருக்குச் சிரிப்பு வந்தது. முத்திரை இல்லாத வண்டி! பழைய இரும்பைக் கொடுத்துப் பெண்டாட்டியை மீட்டுவிடலாமே. மறுநாளே லீவு போட்டு, ஆர்.டி.ஓ. ஆபீஸ் வரிசையில் நின்று, நாலு இடத்தில் கையெழுத்துப் போட்டார். வீடு திரும்பும்போது வாய் தானாக விசிலடித்தது.

ஞாயிற்றுக்கிழமை, பழைய வண்டிகள் சங்கத்திலிருந்து ஒரு பெரியவர் டாக்டர் வண்டிக்குச் சான்று எழுத வந்தார். எழுதி முடித்து அவர் வெளியே வரும்போது மனைவி வேலிக்கு இந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாள்.

"ஐயா, இதையும் ஒரு பார்வை பாருங்களேன்."

"அதுல ஒண்ணுமில்லை!" என்றார் மீட்டர்காரர் அவசரமாக.

அவள் ஹேண்டில்பாருக்குக் கீழே, கழுத்துப் பகுதியில் அப்பியிருந்த கிரீஸைத் துணியால் ஒரே இழுப்பு இழுத்தாள். பெரியவர் குனிந்தார். லென்ஸை வைத்தார். நிமிரவே இல்லை.

"அம்மா! இது படைக்கு வாங்கின முதல் தொகுதி வண்டியோட குறி. பக்கத்து வீட்டு வண்டியைவிட அபூர்வம். எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"எஞ்சின்ல இல்லைன்னா கழுத்துல பாருங்கன்னு டாக்டர் சொன்னார். புதன்கிழமையே பார்த்துட்டேன்."

புதன்! மீட்டர்காரர் விரல் விட்டு எண்ணினார். புதனுக்கு அடுத்த நாள்தான் வியாழன். எத்தனை தடவை எண்ணினாலும் அப்படித்தான் வந்தது.

இருந்தாலும் வேலிக்கு அந்தப் பக்கம் டாக்டரின் முகம் சுருங்கியதைப் பார்த்ததும் அவருக்கு உள்ளங்கால் வரை குளிர்ந்தது. நெஞ்சை நிமிர்த்தினார்.

"சான்றுல என் பேரைக் கொஞ்சம் பெரிசா எழுதுங்க."

மனைவி நீட்டிய ஆர்.சி. புத்தகத்தைப் பெரியவர் புரட்டினார். "இதுல அம்மா பேர்தானே இருக்கு?"

திங்கட்கிழமை வேலை முடிந்து வந்தபோது, வாசலில் வண்டிக்கு அருகே இரண்டு தலைகள் ஒட்டிக் குனிந்திருந்தன. ஒரு லென்ஸ். ஒரு டார்ச். டாக்டர் நிமிர்ந்து எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தார்.

மீட்டர்காரர் மனைவியை உள்ளே இழுத்துப் போனார். "என்ன பேசினோம்? நீதானே ஒத்துக்கிட்டே?"

"நான் அங்க போகக் கூடாதுன்னுதானே பேச்சு? அவர் இங்க வரக் கூடாதுன்னு நீங்க சொல்லவே இல்லையே. டீ ரெண்டு போடுங்க, அவருக்குச் சர்க்கரை வேண்டாம்."