நாட்டுக்கு ஆலோசனை சொல்பவரின் பேரில் ஒரு வீடு

களுதாவளை,
2006 வைகாசி.

பெருமதிப்புக்குரிய மூத்த மச்சான் இராசதுரை அவர்களுக்கு, உங்கள் தங்கச்சி பத்தினிப்பிள்ளையின் புருஷனும், இப்போது இந்த நாட்டுக்கே ஆலோசனை சொல்லும் பெரியோரில் ஒருவனுமாகிய சாமித்தம்பி மிகுந்த வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. பிள்ளையார் புண்ணியத்தில் இங்கு எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். ஒருவரோடொருவர் கதைக்கிறோமா என்பது வேறு விசயம், பிறகு அதற்கு வருகிறேன். சுவிஸ் குளிரில் நீங்களும் அக்காவும் மக்களும் விறைத்துப் போகாமல் இருக்க அந்தப் பிள்ளையாரையே வேண்டுகிறோம். குளிர் என்றதும் ஞாபகம் வருகிறது. சுனாமிக் கடல் வந்து போன பிறகு நிவாரணப் பொதியில் எனக்கொரு கம்பளிக் கோட்டு வந்தது என்று எழுதியிருந்தேன் அல்லவா, முழங்காலுக்குக் கீழே தொங்குகிற கோட்டு, மாரியில் ஆட்டுக்குப் போர்த்தலாம் என்று உங்கள் தங்கச்சி சொன்ன கோட்டு? அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் நான் இப்போது தேசியப் பொருளாதாரத்தைப் பார்த்துக்கொள்கிறேன். சிரிக்க வேண்டாம். சிரித்தாலும் அக்காவுக்குக் கேட்கச் சிரிக்க வேண்டாம்.

நடந்தது என்னவென்றால், நாட்டின் பொருளாதாரத்துக்கும் சமூகத்துக்கும் பெரிய திட்டமொன்று போடப் போகிறார்களாம். கொழும்பில் இருந்து போட்டால் கொழும்புக்குத்தான் அளவாக இருக்கும் என்று அங்கே ஒரு புத்திசாலி சொல்லியிருக்கிறார். உடனே பகுதிக்கொரு ஆலோசனைச் சபை, ஊருக்கொரு ஆள் என்று தீர்மானம். கிராம சேவகர் வந்து, "ஊருக்குள்ள கெட்டிக்கார ஆள் ஒராளத் தெரிஞ்சு தாங்க" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலே போய்விட்டார். நம்மவர்கள் ஆள் தெரிகிற விதம் உங்களுக்குத் தெரியாததா? கோயில் வெளிவீதியில் கூடி, எந்தக் குடிக்கு முதல் வெற்றிலை, எந்தக் குடிக்கு இரண்டாம் வெற்றிலை என்று திருவிழாவுக்குத் தொடங்குகிற மாதிரியே தொடங்கினார்கள். கோயில் நிர்வாகம் பார்க்கிற வண்ணக்கர் எழும்பி, "எங்கட குடி இரிக்கக்குள்ள மத்தவன் போய் நாட்டுக்குப் புத்தி சொல்லுறதோ?" என்று கேட்டார். எதிர்ப்பக்கத்தில் இருந்து ஒரு குரல், "திருவிழாவில நீங்க முன்னுக்கு நிக்கிறது காணாதோ, பணவீக்கத்திலயும் நீங்கதான் முன்னுக்கு நிக்கோணுமோ?" என்றது. சால்வைகள் இடுப்புக்கு இறங்கின. கடைசியில் யாரோ ஒரு சமாதானப் பிரியர், உள்ளூர்க் குடியில் எவன் போனாலும் கொலை விழும், எந்தக் குடியிலும் சேராதவன் எவனாவது போகட்டும் என்றார். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. குடி தாய்வழி வருவது. என் தாயின் குடி வந்தாறுமூலையில் கிடக்கிறது. இந்த ஊரில் கால் நூற்றாண்டு சோறு தின்றும் நான் இன்னும் வந்த மாப்பிள்ளைதானே. ஆகவே கெட்டிக்காரன் என்றல்ல, ஒருவருக்கும் வேண்டாதவன் என்று தெரிவு செய்யப்பட்டேன். பிறகு விசாரித்துப் பார்த்தால் மற்ற ஊர்களிலும் ஆலோசகர்கள் இப்படித்தான் உருவாகியிருக்கிறார்கள்.

செய்தியை வீட்டில் சொன்னேன். உங்கள் தங்கச்சி உலையில் இருந்து கண்ணை எடுக்காமல், "நாட்டுக்குப் புத்தி சொல்லப் போறீங்களோ? நல்லம். போறத்துக்கு முதல் அந்த ஆட்ட அவுட்டு நிழலில கட்டிப்போட்டுப் போங்க" என்றாள். கட்டிவிட்டுத்தான் போனேன்.

சபை பட்டணத்தில் ஒரு குளிரூட்டிய மண்டபத்தில் கூடுகிறது. என் கோட்டு பிறவிப் பயன் அடைந்தது அங்கேதான். மற்ற ஆலோசகர்களெல்லாம் அரைக்கைச் சட்டையோடு கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டு பல் கிட்டிக்க இருந்தபோது நான் ஒருவன்தான் நிமிர்ந்து இருந்தேன். கொழும்பில் இருந்து வந்திருந்த, பொருளாதாரத்தில் கலாநிதிப் பட்டம் எடுத்த தமிழர் ஒருவர்தான் தலைவர். அவர் என்னைப் பெரிய ஆளென்று எண்ணி முதலில் என்னிடம் கருத்துக் கேட்டார். நான் வாவிக்குக் குறுக்கே எங்கள் பக்கத்தில் ஒரு பாலம் போட்டால் தேசிய வருமானம் உயரும் என்றேன். காத்தான்குடியில் புடவைக்கடை வைத்திருக்கும் முகைதீன்பாவா உடனே எழும்பி, பாலத்தைத் தங்கள் பக்கத்தில் போட்டால் இன்னும் கொஞ்சம் கூட உயரும் என்றார். இரண்டு கூட்டம் இந்தச் சண்டையிலேயே போனது. தேத்தண்ணியும் ரோல்ஸும் வருகிற நேரம் மட்டும் சபை ஏகமனதாக இருந்தது.

இதற்கிடையில் வந்தது வீடு. உங்கள் அம்மா தங்கச்சிக்குச் சீதனமாகக் கொடுத்த வீட்டைக் கடல் கொண்டுபோனது நீங்கள் அறிந்ததே. அதே வளவில், நல்ல மனசுக்காரர் யாரோ காசு கொடுக்க, ஓடு போட்ட கல்வீடு எழும்பியது. கதவுத் திறப்பைக் கையில் கொடுக்கிற அன்றைக்கு ஒலிபெருக்கியில், "குடும்பத் தலைவர் சாமித்தம்பி" என்று கூப்பிட்டார்கள். அது எந்தச் சாமித்தம்பி என்று நானே பின்னால் திரும்பிப் பார்த்தேன். மேலிடத்துக் கொள்கையாம்: வீடு குடும்பத் தலைவர் பேரில், குடும்பத் தலைவர் என்றால் ஆம்பிளை. மச்சான், எனக்குத் தலை சுற்றியது. நம் பகுதியில் ஆம்பிளை என்பவன் தாய் வீட்டில் பிறந்து, பெண்சாதி வீட்டில் வாழ்ந்து, மகள் வீட்டுப் பின்பத்தித் தாழ்வாரத்தில் கண்ணை மூடுகிறவன். இடையில் எங்கேயும் ஓர் ஆணி அடிக்க அவனுக்குச் சொந்தச் சுவர் கிடையாது. அன்றைக்கு நான் போய் நாலு ஆணி அடித்தேன். ஒன்றில் கோட்டை மாட்டினேன். மற்ற மூன்றிலும் மாட்ட ஒன்றுமில்லை, ஆனால் பார்க்க நல்லாக இருந்தது. கதவைத் திறந்து மூடினேன். மூடித் திறந்தேன். உள்ளே வந்த கோழி ஒன்றைப் பார்த்து, "எண்ட வீட்டுக்குள்ள என்ன வேலை உனக்கு?" என்று அதட்டினேன். அது உங்கள் தங்கச்சியின் காதில் விழுந்துவிட்டது.

"ஆர்ட வீடு?"

"இல்ல, சும்மா கோழிக்கிட்ட..."

"உங்கட வீடெண்டா அடுப்பும் உங்கடதான். நல்லா ஊதுங்க, புகை கண்ணுல அடிக்காம" என்று அகப்பையை என் கையில் தந்துவிட்டு வாசலில் போய் இருந்துகொண்டாள். நான் காய்ச்சிய சோற்றை அந்தக் கோழிதான் தின்றது. அதுவும் முழுக்கத் தின்னவில்லை.

இதுவரைக்கும் சிரிப்பு. இனித்தான் கரைச்சல். எங்கள் மகள் கலாஜினிக்கும் களுவாஞ்சிக்குடியில் படிப்பிக்கிற சுபாகரனுக்கும் ஆனியில் கலியாணம் என்று பேசி வைத்தது உங்களுக்குத் தெரியும். நல்ல பெடியன். பிள்ளையும் அவனை நினைத்து இரண்டு சாறியில் பூ வேலை செய்து வைத்திருக்கிறாள். மாப்பிள்ளையின் தாய் ஆச்சிப்பிள்ளை வந்தா. கதிரையில் இருக்கவில்லை. வெற்றிலை வட்டாவை நீட்டினோம், தொடவில்லை.

"என்ன கா பத்தினி, வீடு உண்ட பேரில இல்லையாமே?"

"அது அரசாங்கம் செஞ்ச வேலை, ஆச்சி மச்சாள்."

"அரசாங்கம் வந்தோ எண்ட மகனுக்குச் சோறு போடும்? எண்ட புள்ள வந்து இரிக்கப் போறது பொண்ணுட வீட்டில. தாய்ட வீடு மகளுக்கு வரும், அது நம்மட முறை. இது தகப்பண்ட வீடு. ஆம்பிளைட சொத்து அவண்ட தங்கச்சி மக்களுக்கெல்லோ போகும். நாளைக்கு அவர்ட தங்கச்சி மக்கள் வந்து, எங்கட மாமண்ட வீடு, ஒழும்புங்க எண்டா, எண்ட மகன் பாயச் சுருட்டிக்கிட்டு எங்க போற?"

"அப்புடி ஒருத்தரும் வரமாட்டாங்க" என்று நான் நெஞ்சில் அடித்துச் சொன்னேன். சொல்லி வாய் மூடவில்லை, வந்தாறுமூலைப் பஸ்ஸில் இருந்து என் தங்கச்சி இறங்கி வருகிறாள், தலையில் ஒரு முட்டி எருமைத்தயிர், பின்னால் அவளுடைய இரண்டு பெடியன்கள். "அண்ணனுக்கு வீடு கிடைச்சதாமே!" என்று ஆனந்தக் கண்ணீர். பெரியவன் வந்ததும் வராததுமாகச் சுவரைத் தட்டிப் பார்த்து, "நல்ல சீமெந்து, மாமா" என்றான். ஆச்சிப்பிள்ளை என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் படலையைத் திறந்துகொண்டு போய்விட்டா. கலாஜினி அறைக்குள் போய்க் கதவை அடித்துச் சாத்தினாள், என் கதவை. அன்றில் இருந்து அவள் என்னோடு கதைப்பதில்லை. தயிர் மட்டும் நல்ல தயிர்.

வீடு எழுதித் தந்த அரசாங்கக் கந்தோரில் போய் விசாரித்தேன். பேரை மாற்றித் தரலாமா என்றால், பத்து வருசத்துக்குக் கைமாற்ற முடியாது, அது கொள்கை, கொள்கையை மாற்றுவதென்றால் மேலே ஆலோசனை சொல்ல வேண்டும் என்றார்கள். ஆலோசனையா! நான் யார்? ஓடிவந்து கோட்டைத் தட்டிப் போட்டுக்கொண்டு அடுத்த கூட்டத்துக்குப் போனேன்.

அன்றைக்கென்று கலாநிதி பெண்களை வலுவூட்டுவது பற்றிப் பேசினார். கலர் கடதாசியில் பெரிய படம் எல்லாம் காட்டி, வருங்காலத்தில் பெண்களின் பேரிலும் வீடு இருக்கும் ஒரு நிலையை நாம் படிப்படியாக எட்ட வேண்டும் என்றார். நான் எழும்பினேன். "ஐயா, நாங்க எப்பவோ எட்டின இடத்தில இருந்து எங்களக் கீழ இறக்கிப்போட்டு, மறுகா ஏறுறத்துக்குப் படி காட்டுறீங்களே" என்றேன். முகைதீன்பாவா எழும்புவதைப் பார்த்ததும் சரி, பாலத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறார் என்றுதான் நினைத்தேன். மனுசன் கண் கலங்கி நின்றார். "சாமித்தம்பி சொல்றது நூத்துக்கு நூறு சரி. எங்கடயும் உம்மாட வீடு மகளுக்குத்தான். இப்ப எண்ட பேரில ஒரு வீடு வந்து நிக்குது. எண்ட பொஞ்சாதி நபீஸா என்னோட முகம் குடுத்துக் கதைக்கிறல்ல. நான் கடையில புடவைக் கட்டுக்கு மேலதான் படுக்கன்" என்றார். அந்த இடத்தில் நாங்கள் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். பாலம் எங்கே வந்தாலும் பரவாயில்லை என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

கலாநிதிக்கு நம்பிக்கை வரவில்லை. "சரி, இந்தச் சபையில் உள்ள குடும்பத் தலைவர்கள் கையை உயர்த்துங்கள் பார்ப்போம்" என்றார். மீசை வைத்தவர், வயல் நிறைய வைத்திருக்கும் போடியார், ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் என்று அத்தனை ஆம்பிளைகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒரு கையும் எழும்பவில்லை. கடைசி வரிசையில் இருந்து ஒருவர் மெதுவாக, "வீட்டில கேட்டுத்தான் ஐயா சொல்லோணும்" என்றார். கலாநிதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "எல்லாவற்றுக்கும் வீட்டில் கேட்க வேண்டுமென்றால் வீட்டில் இருப்பவர்களையே சபைக்கு அழைத்திருக்கலாமே" என்று முணுமுணுத்தார். கிழக்கில் வீடு வீட்டுக்காரியின் பேரிலேயே எழுதப்பட வேண்டும் என்று ஏகமனதாக ஆலோசனை நிறைவேறியது. ரோல்ஸ் வருவதற்கு முதலே ஏகமனதான முதல் தீர்மானம் இதுதான்.

மேலிடத்தில் இருந்து பதில் வந்தது: கவனத்தில் எடுக்கப்பட்டது. நான் கலாநிதியிடம், "கவனத்தில எடுத்தா மறுகா அத எங்க ஐயா வைப்பாங்க?" என்று கேட்டேன். அவர் பாவம், நல்ல மனுசன். "ஆலோசனை சொல்வதோடு எங்கள் வேலை முடிந்தது. கேட்பதும் விடுவதும் அவர்கள் வேலை" என்றார். அதாவது மச்சான், நாட்டில் எனக்குள்ள இடமும் உங்கள் தங்கச்சி வீட்டில் எனக்குள்ள இடமும் ஒன்றேதான்.

ஆகவே உங்களிடம் ஒரு கெஞ்சல். நீங்கள் கலாஜினியின் தாய்மாமன். உங்கள் சொல்லுக்கு ஆச்சிப்பிள்ளை கட்டுப்படுவா. ஒரு போன் எடுத்து, கொழும்பு யோசித்து முடிக்கும் வரைக்கும் பொறுக்கச் சொல்லுங்கள். நான் எழுதினதாக உங்கள் தங்கச்சிக்கு மூச்சு விட வேண்டாம். ஆனிக்கு நீங்கள் வரவும் வேண்டாம். கலியாணமும் நிச்சயமில்லை, வீதியில் சோதனைச் சாவடிகளும் கூடிவிட்டன. என் வீட்டில் உங்களுக்கென்று ஓர் ஆணி எப்போதும் காத்திருக்கும்.

அக்காவுக்கு என் அன்பும், பிள்ளைகளுக்கு ஆசிகளும், உங்கள் முழங்கால் நோவுக்குப் பிள்ளையாரின் திருநீறும் இத்துடன் வருகின்றன. பத்தினிப்பிள்ளை உங்களைச் சுகம் கேட்டதாக எழுதச் சொல்லியிருப்பாள், கேட்டிருந்தால்.

இங்ஙனம்,
குடும்பத் தலைவர், வீட்டு உரிமையாளர், தேசிய ஆலோசகர்
சாமித்தம்பி

பி.கு.: முத்திரை ஒட்ட முதல் இதை எழுதுகிறேன். மேலே உள்ள ஒன்றையும் நம்ப வேண்டாம். போன் எடுக்க வேண்டாம். விமானச் சீட்டு எடுங்கள். நேற்று உங்கள் தங்கச்சி ஆருக்கும் ஆலோசனை சொல்லாமல், ஆச்சிப்பிள்ளையையும் என் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனாள். பிள்ளையாருக்கு முன்னால் கற்பூரத்தைக் கொளுத்தி, இந்த வீட்டில் எனக்கோ என் தங்கச்சி மக்களுக்கோ ஒரு உரித்தும் இல்லை என்று என்னை மூன்று தரம் சத்தமாகச் சொல்ல வைத்தாள். என் தங்கச்சியும் சத்தியம் பண்ணினாள், அழுதாள், அடுத்த தயிர் முட்டியை ஆச்சிப்பிள்ளையிடம் கொடுத்தாள். அப்போதும் ஆச்சிப்பிள்ளை, "கடதாசியில அவர்ட பேர்தானே கா கிடக்கு?" என்று இழுத்தா. உங்கள் தங்கச்சி சொன்னாள்: "கடதாசி அவர்ட பேரில கிடக்கட்டும் மச்சாள். அவர் எண்ட பேரில கிடக்காரே, காணாதா?" ஆச்சிப்பிள்ளை சிரித்த சிரிப்பில் கற்பூரமே அணைந்துவிட்டது. வெற்றிலையை எடுத்துவிட்டா. ஆனியில் கலியாணம். கலாஜினி இன்று காலை எனக்குத் தேத்தண்ணி தந்தாள், சீனியும் போட்டு.

மேலே "என் வீடு" என்று வருகிற இடமெல்லாம் "தங்கச்சியின் வீடு" என்று திருத்தி வாசிக்கவும். அவள் என் தோளுக்குப் பின்னால்தான் நிற்கிறாள். மேலிடம் எங்கள் சபையின் ஒரு வார்த்தையை மட்டும் உண்மையாகவே கேட்டிருக்கிறது, அதுவும் கலாநிதி முணுமுணுத்ததை: இனி ஊருக்கொரு பெண் உறுப்பினர். என் இடத்துக்குக் கோயிலடியில் மறுபடி ஆள் தெரிந்தெடுத்தார்கள். ஒரு குடியும் சண்டை பிடிக்கவில்லை, வண்ணக்கர் கூட வாய் திறக்கவில்லை. பத்தினிப்பிள்ளை ஆணியில் இருந்த கோட்டை எடுத்து உதறி வெயிலில் போட்டிருக்கிறாள். அடுத்த கூட்டம் நாளைக்கு. நான் ஆட்டை அவிழ்த்து நிழலில் கட்டிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.