பெட்டைக்கோழிக்குப் போட்ட தாளம்

வாசிகசாலை விழாவில் முதல் பரிசு தனக்குத்தான் என்று சுகிர்தன் போட்டி அறிவித்த அன்றே முடிவு செய்துவிட்டான். மற்றவர்கள் கலந்துகொள்வதெல்லாம் ஒரு மரியாதைக்கு என்றுதான் அவன் நினைத்தான்.

போட்டி இதுதான். இசையும் அசைபடமும் சேர்த்து ஒரு குட்டி வீடியோ செய்ய வேண்டும். அது முன்னர் எங்கும் வெளிவந்திருக்கக் கூடாது. முரசுமோட்டை ஊரில் இதைச் செய்யக்கூடியவன் வேறு யார்? பரந்தன் சந்தியில் கலியாண வீடியோ ஸ்ரூடியோ வைத்திருப்பவன் அவன். மாப்பிள்ளை தாலி கட்டும்போது வானத்திலிருந்து ரோசாப்பூவைக் கொட்ட வைப்பவன். கொம்பியூட்டர் இருக்கிறது, ஓர்கன் இருக்கிறது, ஆடி மாதமானபடியால் கலியாணமும் இல்லை. ஒரேயொரு குறை, அவனுக்குப் படம் கீறத் தெரியாது. ஒரு பெட்டைக்கோழியைக் கீறிப் பார்த்தான். கால் முளைத்த பப்பாசிப்பழம் ஒன்று அவனைப் பரிதாபமாகப் பார்த்தது.

மனைவி மேனுகா முன்பள்ளி ரீச்சர். கோழியும் முயலும் கீறுவதுதான் அவளுடைய வேலை. கேட்டதும் கீறித் தந்தாள். அடுப்பில் பிட்டு அவிவதற்குள் கோழி தயார். இடுப்பில் ஊன்றின செட்டைச் சிறகு, கண்ணில் முறைப்பு, மூடின சொண்டு, பாதி திறந்த சொண்டு, முழுக்கத் திறந்த சொண்டு என்று அவன் கேட்டபடி எல்லாம் தனித்தனியாக. என்னத்துக்கு என்று கேட்டாள். பிள்ளைகளுக்கு நல்ல கருத்துச் சொல்லப் போவதாகச் சொன்னான். நல்லது என்று சொல்லி, கோழிக்குக் கண்மடல் மயிரும் வைத்துக் கொடுத்தாள்.

கோழி வந்தது, இசை வரவில்லை. ஓர்கனில் கை வைத்தால் பொம்பிளை மணவறைக்கு நடந்து வருகிற மெட்டுத்தான் வந்தது. அப்படித் தவித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் குசினி அடுப்படிப் பக்கமிருந்து மேனுகாவின் குரல் கிளம்பியது.

"கதிரையில துவாய், கட்டிலில சாரம், கிணத்தடியில வாளி. மனுசன் எங்க? மனுசன் எங்க?"

சுகிர்தன் நிமிர்ந்து உட்கார்ந்தான். கலியாணம் கட்டிய நாள் முதல் கேட்ட பாட்டுத்தான். ஆனால் இன்றைக்குத்தான் ஒரு கலைஞனின் காதால் கேட்டான். ஓரிடத்திலும் தாளம் பிசகவில்லை. 'மனுசன் எங்க' என்ற இடத்தில் பல்லவி மாதிரி வந்து விழுந்தது. மெல்ல ஃபோனை எடுத்துப் பதிவு செய்தான்.

பிறகு அவனைப் பிடிக்க முடியவில்லை. குரலைக் கீச்சுக் குரலாக்கினான். அடியில் மிருதங்கம் போட்டான். ஒவ்வொரு சொல்லுக்கும் சொண்டு திறந்தது, ஒவ்வொரு அடிக்கும் கழுத்து வெட்டியது, 'எங்க' என்றபோது செட்டை இடுப்புக்குப் போனது. பார்க்கப் பார்க்கப் பெருமை பொங்கியது. பொங்கினது அடங்குமுன் ஃபேஸ்புக்கில் போட்டும் விட்டான்.

கிளிநொச்சியிலிருந்து துணுக்காய் வரைக்கும் கோழி பறந்தது. ஓட்டோக்காரர்களின் ஃபோன் அடித்தாலே 'மனுசன் எங்க' என்றது. அந்தச் சந்தோசம் தணிந்த பிறகுதான் போட்டி விதி நினைவுக்கு வந்தது. வெளிவந்த கோழி செல்லாது. சுகிர்தன் கலங்கவில்லை. ஊற்று வீட்டிலேயே இருக்கிறது, இன்னொரு வாளி அள்ளினால் போச்சு.

அன்று பின்னேரம் மேனுகா பக்கத்து வீட்டு ஞானேஸ்வரி அக்காவிடமிருந்து திரும்பி வந்தாள். அக்கா தனக்கு ஒரு கோழி வீடியோ காட்டினதாகவும், மிகவும் நன்றாக இருந்ததாகவும் சொன்னாள். சுகிர்தன் அவளுடைய முகத்தைப் பார்த்தான். கோபத்தின் சாயலே இல்லை. ரசிகை என்று கண்டதும் அவனுக்கு வள்ளல் குணம் வந்துவிட்டது. கதிரை இழுத்துப் போட்டு, சொண்டை எப்படி அசைப்பது, சத்தத்தை எங்கே வெட்டுவது, தாளத்தை எப்படி ஒட்டுவது என்று எல்லாம் காட்டிக் கொடுத்தான். அவளும் நல்ல பிள்ளையாகக் கேள்வி கேட்டுப் படித்துக்கொண்டாள்.

அடுத்த நாள் ஃபோனை அலுமாரிக்கு மேல் மறைத்து வைத்து, ஈரத் துவாயைக் கட்டிலிலேயே போட்டான். மேனுகா அதை எடுத்துக் கொடியில் விரித்தாள். தேங்காய் வாங்கி வரச் சொல்லி அனுப்பியபோது வெறுங்கையோடு வந்தான். அவள் சம்பல் இல்லாமல், தேங்காய்ப்பால் விடாத ஒரு கறி வைத்துச் சிரித்த முகத்தோடு பரிமாறினாள். வயல் சேற்றுக் காலோடு, கூட்டின வீட்டுக்குள் நடந்தான். "களைச்சுப் போனியள், தேத்தண்ணி போடட்டோ?" என்று கேட்டாள். அந்தக் குரலுக்கு மிருதங்கம் போட்டால் தாலாட்டுத்தான் வரும். கடைசியில், தாய்வீட்டிலிருந்து அவள் கொண்டுவந்த பூப்போட்ட பீங்கானை வேண்டுமென்றே கைதவற விட்டான். "காலில குத்திப்போடும், தள்ளி நில்லுங்கோ" என்று சொல்லிவிட்டு அவள் கூட்டி அள்ளினாள்.

போட்டிக்குக் கொடுக்கும் நாளும் கிட்டிவிட்டது. சுகிர்தன் குசினி வாசலில் போய் நின்றான். மேனுகா இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தாள். அவளுடைய ஃபோன் சீனிப்போத்தலில் சாய்ந்து நின்றது.

"மேனுகா, நீர் ஏன் இப்ப என்னைப் பேசுறேல்லை?"

"கதைச்சுக்கொண்டுதானே இருக்கிறன்."

"கதைக்கிறீர். பேசுறேல்லை."

எங்கள் பக்கத்தில் கதைப்பது வேறு, பேசுவது வேறு. பேச்சு என்றால் வாங்கிக் கட்டிக்கொள்கிற பேச்சு.

"நீங்கள் ஒரு பிழையும் விடேல்லையே, நான் ஏன் பேசோணும்?"

"விட்டனான். துவாயைக் கட்டிலில போட்டனான். தேங்காய் வாங்க மறந்தனான். பீங்கானை வேணுமெண்டே உடைச்சனான்."

"பரவாயில்லை."

"ஒருக்காப் பேசுமன். ஒரே ஒருக்கா. இஞ்ச பாரும், கும்பிட்டுக் கேக்கிறன்."

சொன்னதோடு நிற்கவில்லை, முழங்காலில் நின்று கும்பிட்டும் காட்டினான். மேனுகா அவனைப் பாவமாகப் பார்த்தாள். ஃபோனை எடுத்து மடியில் செருகிக்கொண்டு, இடியப்பத் தட்டை அடுப்பில் ஏற்றினாள்.

வேறு வழியின்றி, கோழியின் தலையில் ரோசாப்பூ கொட்டுகிற மாதிரி ஒன்றைச் செய்து, கலியாண மெட்டைப் போட்டுக் கொடுத்தான். கொடுத்துவிட்டு யோசித்துப் பார்த்தபோது அதுவும் மோசமில்லை என்று பட்டது. விழா நாள் நெருங்க நெருங்க அதுதான் தன்னுடைய ஆகச் சிறந்த படைப்பு என்றும் பட்டது.

விழாவன்று வாசிகசாலை முற்றத்தில் வெள்ளைத் திரை கட்டியிருந்தார்கள். சுகிர்தனின் ரோசாப்பூ விழுந்து முடிந்தபோது சனம் மரியாதையாகக் கைதட்டியது. அடுத்தது தொடங்கியது. பிட்டுக்குழல் தட்டும் சத்தம், கரண்டி சத்தம், சட்டி மூடிச் சத்தம் எல்லாம் சேர்ந்து ஒரு தாளம். திரையில் சாரம் கட்டின சேவல் ஒன்று முழங்காலில் நின்றது. "ஒருக்காப் பேசுமன், ஒரே ஒருக்கா" என்று செட்டையைக் கூப்பிக் கும்பிட்டது. நீண்ட கண்மடல் மயிர் வைத்த கோழி ஒன்று "பரவாயில்லை" என்று மறுபக்கம் திரும்பியது. "பீங்கானை வேணுமெண்டே உடைச்சனான்" என்று சேவல் உச்சத்துக்குப் போனபோது முற்றமே விழுந்து விழுந்து சிரித்தது. ஞானேஸ்வரி அக்கா கதிரையோடு பின்னுக்குச் சாய்ந்துவிட்டார். சுகிர்தன் மட்டும் அசையாமல் இருந்தான். நியாயமாகப் பார்த்தால் தாளம் ஓரிடத்திலும் பிசகவில்லை.

முதல் பரிசு திருமதி மேனுகா சுகிர்தனுக்கு.

அவள் மேடையேறி, இந்தக் கலையைத் தனக்கு ஒளிக்காமல் கற்றுத் தந்தது தன் கணவர்தான் என்று பணிவாகச் சொன்னாள். கூட்டம் திரும்பிப் பார்த்தது. சுகிர்தனுக்குப் போன உயிர் பாதி திரும்பியது. குரு என்று ஒரு இடம் இருக்கிறதே. எழுந்தான், போட்டிருந்த சேட்டை இழுத்துவிட்டான், இசையும் அசைபடமும் ஒன்றையொன்று எப்படித் தாங்குகின்றன என்று நாலு வார்த்தை மனதில் அடுக்கிக்கொண்டு மேடையேறினான். வாசிகசாலைத் தலைவர் மயில்வாகனம் மாஸ்ரர் மைக்கை அவனுடைய வாய்க்குக் கிட்டப் பிடித்து, மிகுந்த மரியாதையோடு கேட்டார்:

"அப்ப தம்பி, சேவல் நீங்கள்தானோ?"