வெள்ளிக்கிழமைப் புகை

கையில் பீடி இல்லை, சட்டைப் பையில் தீப்பெட்டி இல்லை, வீட்டில் ஊதுவத்திகூட எரியவில்லை. இருந்தும் புகை அலாரம் தெருவுக்கே கேட்கிற மாதிரி அலறிக்கொண்டிருந்தது. அர்ச்சுனன் அதன் அடியில் வாயைப் பிளந்து நின்ற நேரம் பார்த்தா வாசுகி கோயிலிலிருந்து திரும்பி வர வேண்டும்!

"போன வெள்ளிக்கெழமயும் இதே கூத்துதான்" என்றாள், விபூதிப் பொட்டலத்தைக்கூடக் கீழே வைக்காமல். "நான் பெரிய கோயிலுக்குப் போனாப் போதும், இங்க பத்த வச்சிடறீங்க."

"சாமி சத்தியமா இல்ல வாசுகி. வேணும்னா வாயை ஊதிக் காட்டறேன்."

"ஏலக்காய மென்னுட்டு ஊதினா என்னா தெரியும்? நெருப்பில்லாம பொகையுமா?"

அர்ச்சுனனுக்குப் பீங்கான் கம்பெனியில் சூளை வேலை. நாள் பூராவும் சூளை வாயில் நிற்கிறவனுக்குப் பீடிதான் பேச்சுத் துணை. பொங்கலன்று கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்து அதை விட்டான். மிச்சமிருந்த பீடிக்கட்டை வாசுகி பிடுங்கி சாமி படத்துக்குப் பின்னால் செருகினாள். "அப்படி என்னாதான் இருக்குது இந்தக் கருமத்துல? கட்டினவளவிட ஒசத்தியா?" என்று அன்று அவள் கேட்டாள். நியாயமான கேள்விதான்.

இன்னொரு தரம் ஊதினால் நல்லூருக்கு, தாய் வீட்டுக்கே போய்விடுவதாகவும் சொல்லியிருந்தாள். வாசுகி சொன்னால் சொன்னதுதான். செவ்வாய்க்கிழமை விரதமென்றால் ராத்திரி வரைக்கும் அடுப்பில் நெருப்புப் படாது. அவளுக்கு இளநீர், அவனுக்குக் கம்பெனி வாசல் பரோட்டா. அப்பேர்ப்பட்டவள் பெட்டியைத் தூக்கினால் திரும்பி வருவாளா? அவள் திட்டாத வீட்டில் அவனால் ஒரு நாள் இருக்க முடியாது.

அலாரம் அவள் தம்பி கோகுலகிருஷ்ணன் புண்ணியம். கத்தாரில் பெரிய பெரிய கட்டடங்களுக்கு இதையெல்லாம் மாட்டுகிற வேலை அவனுக்கு. லீவில் வந்தவன் நடுக்கூடத்தில் ஒன்றை மாட்டி, வை-ஃபையோடு என்னவோ முடிச்சுப் போட்டுவிட்டு, "இதைப் பராமரிக்கிறது என் பொறுப்பு மாமா. நீங்க கையே வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினான்.

கை வைக்காமல் இருக்க அர்ச்சுனன் என்ன, சூளையில் வெந்த பொம்மையா? ஒரு கேள்வி மண்டைக்குள் புகுந்துவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. புகையே இல்லாமல் எப்படி அடிக்கும்? தூசியாக இருக்குமோ? ஸ்டூல் போட்டு ஏறித் துடைத்தான். ஸ்டூல் ஆடியது, விழுந்தான், இடுப்புப் பிடித்துக்கொண்டது. தைலம் தேய்த்தான்.

"ஓகோ, பீடி நாத்தத்த மறைக்கத் தைலமா?" என்றாள் வாசுகி.

அடுத்த செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வந்தவனைத் தெருமுனையிலேயே மடக்கினாள் பூக்காரி பூவாயி. "காலைல உன் வூட்டு மிஷினு என்னா கத்து கத்துச்சு தெரியுமா!"

அர்ச்சுனனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நான் இல்லாதபோதும் அடித்திருக்கிறதே! இடுப்பு வலியை மறந்து ஓடினான்.

"வடகம் தாளிச்சேன், அடிச்சுது. அதுக்கு இப்ப என்னா?" என்று சொல்லிவிட்டு வாசுகி துணி மடிக்கப் போனாள்.

அட, அடுப்படிப் புகைதானா! கண்டுபிடித்துவிட்டோம் என்கிற கர்வத்தில் மறுநாளே அலாரத்தைக் கழற்றி, அடுப்படிக்கு எட்டாத படுக்கையறையில் மாட்டினான். வெள்ளிக்கிழமை வந்தது. வாசுகி கோயிலுக்குப் போனாள். அலாரம் படுக்கையறையிலிருந்து ஊளையிட்டது.

"இப்ப படுத்துக்கிட்டே ஊதற அளவுக்குத் தேறிட்டீங்களா?" என்றாள் வாசுகி. அன்றைக்கு அவன் பாய் கூடத்துக்கு வந்துவிட்டது.

வியாழக்கிழமை அர்ச்சுனன் பொறுமையிழந்து அதன் பேட்டரியைப் பிடுங்கினான். எங்கே ஒளித்தான் என்கிறீர்கள்? அரிசிப் பானையில்! ராத்திரிச் சோற்றுக்கு அரிசி அள்ளியவள் கையில் அதுவே முதலில் வந்தது.

"எங்கப்பன் குதிருக்குள்ள இல்லன்ன கதையா இருக்குது. ஊதாதவருக்கு எதுக்குய்யா இந்த வேல? நாளைக்கிச் சாயங்காலம் நான் நல்லூருக்குப் போறேன்."

பெட்டி திறந்தது. சேலைகள் உள்ளே போயின. அர்ச்சுனனுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

அந்தப் பக்கத்தில், போலீசில் தீராத வழக்கு மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் சாமியிடம் போகும். பிராது எழுதிக் கோயிலில் கட்டிவிட்டால் போதும், குற்றம் செய்தவர் எங்கே இருந்தாலும் அவர் பார்த்துக்கொள்வார். அர்ச்சுனன் வாசலுக்கு வந்து தெருவைப் பார்த்துக் கத்தினான்:

"என் வூட்டுல பொகை வுட்டது எவரா இருந்தாலும் சரி! நாளைக்கி கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டறேன்!"

உள்ளே சேலை மடித்த கை நின்றது.

"ஏங்க, இதுக்கெல்லாமா சாமிகிட்டப் போவாங்க?" வாசுகியின் குரல் திடீரென்று வெல்லப்பாகாக இளகியிருந்தது. "வுடுங்க. நான் ஊருக்குப் போவல."

"அதெல்லாம் முடியாது. எனக்குத் தெரிஞ்சாகணும்."

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டு அமிர்தசாமி தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். "தம்பி, உங்க முருங்கக்காயப் பறிச்சது நான்தான். மாதா கோயிலுக்குப் போறவன்தான், அதுக்காகக் கொளஞ்சியப்பரப் பகச்சிக்க முடியுமா?" அவர் தலை மறைந்ததும் பூவாயி வந்து, முழத்தில் விரலை மடக்கி அளந்ததை ஒப்புக்கொண்டு, ஒரு பந்து மல்லிகையை வைத்துவிட்டுப் போனாள். புகைக்கு மட்டும் ஆள் கிடைக்கவில்லை.

சாயங்காலம் அர்ச்சுனன் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினான். பீடிக்கட்டைச் சாமி முன்னால் வைத்தே சத்தியம் செய்யலாமென்று படத்துக்குப் பின்னால் கையை விட்டான்.

"அத எடுக்காதீங்க!" என்று வாசுகி ஓடி வந்தாள்.

எடுத்துவிட்டான். கட்டின் நூல் தளர்ந்திருந்தது. நடுவில் ஒரு பீடியைக் காணோம்.

"நான் தொடவே இல்லையே!" என்றான், தன் கையையே சந்தேகமாகப் பார்த்தபடி. வழக்கமாக இந்த இடத்தில் கத்த வேண்டியவள் சுவரைப் பார்த்து நின்றாள்.

போன் அடித்தது. கோகுலகிருஷ்ணன். ஸ்பீக்கரில் போட்டான்.

"மாமா, மிஷினு ஏன் செத்துக் கெடக்குது? வெள்ளிக்கெழம இங்க எனக்கு லீவு, அதனால வாரா வாரம் இங்கேருந்தே போன்ல அமுக்கி, ஒழுங்கா அடிக்குதான்னு சோதிச்சிடுவேன். இன்னிக்கி அமுக்கினா அசையவே மாட்டேங்குது."

அர்ச்சுனன் ஒரு குதி குதித்தான், பிடித்திருந்த இடுப்பே விட்டுவிட்டது.

"அடப்பாவி மச்சான்! என் குடும்பத்தயே பிரிச்சிருப்பியேடா! கேட்டியா வாசுகி? காதுல வுழுந்துச்சா?"

"வுழுந்துச்சுங்க. தப்பு என்னுதுதான், மன்னிச்சிடுங்க. தம்பி, வேலயப் பாருடா, அப்புறம் பேசலாம்" என்று வாசுகி அவசரமாகப் போனைப் பிடுங்கினாள்.

"இரு அக்கா, ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். வெள்ளிக்கெழம அடிச்சதெல்லாம் நான் அமுக்கினதுதான். ஆனா அந்தச் செவ்வாக்கெழம காலைல அடிச்சது மட்டும் நெசமான பொகைன்னு காட்டுது. மாமா வேலைக்குப் போயிருப்பாரு, வெரதத்தன்னிக்கு நீ அடுப்பே பத்த வைக்க மாட்டியேக்கா, வேற என்னாத்தப் பத்த வச்ச?"